பூனையும் மைனஸ் மார்க்கும்

நியூயார்க்கில் மாடியிலிருந்து தவறி விழுந்த பூனைகளைப் பற்றி 1987-ல் இரண்டு கால்நடை டாக்டர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஐந்தே மாதத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பூனைகள் 132. சிகிச்சை பெற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பிழைத்துக்கொண்டன. விசேஷம் அதுவல்ல. ஏழு மாடி வரைக்கும் உயரம் கூடக் கூடக் காயமும் கூடுகிறது. அதற்கு மேலே போனால்... குறைகிறது!

'அட, விடுங்க சார், டாக்டர் தப்பா எண்ணியிருப்பார்' என்று சொல்கிறவரா நீங்கள்? அப்படியானால் வக்கீல் படிப்புக்கு மனுப் போடாதீர்கள். நுழைவுத் தேர்விலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அமெரிக்காவில் சட்டக் கல்லூரியில் சேர எல்சாட் என்று ஒரு பரீட்சை. 1948-லிருந்து நடக்கிறது. நம் ஊர் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு 2008-லிருந்து கிளாட். இரண்டிலும் லாஜிக் பகுதியில் பாரடாக்ஸ் கேள்வி தலைகாட்டும். ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு சங்கதிகளைக் கொடுத்து, 'இந்த முரணை எது தீர்த்து வைக்கிறது?' என்று கேட்பார்கள். பூனை விவகாரம் அச்சாக அந்த ஜாதி.

இதில் முதல் சட்டம், கொடுத்த இரண்டு சங்கதியும் நிஜம். அதோடு மல்லுக்கட்டக் கூடாது. '132 பூனை போதாது' என்று ஒரு விடை இருந்தால், கேட்க நன்றாக இருக்கும், அடித்துவிடுங்கள். 'உயரம் கூடினால் தரையில் மோதும் வேகமும் கூடும்' என்பது ஒரு பக்கத்துக்கு மட்டும் வக்காலத்து வாங்கி முடிச்சை இன்னும் இறுக்குகிறது. 'நியூயார்க்கில் உயரமான கட்டடங்கள் அதிகம்' என்பது சும்மா ஊர்ப் பெருமை. 'விழுந்த இடத்திலேயே செத்த பூனையை யாரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வருவதில்லை' என்று ஒரு விடை இருந்தால்? படித்ததும் உள்ளே எங்கோ 'டக்' என்கிறது பாருங்கள், அதுதான் விடை. இரண்டு சங்கதியும் உயிரோடு இருக்கின்றன. நடுவே மூன்றாவதாக ஒன்று வந்து உட்கார்ந்து சமாதானம் பண்ணிவிட்டது. (டாக்டர்கள் சொன்ன காரணம் வேறு. ஒரு அளவுக்கு மேல் விழுகிற வேகம் கூடாதாம். பூனை பதற்றம் தணிந்து கை கால் பரப்பிக்கொண்டு இறங்குகிறதாம். அதுவும் முரணைத் தீர்க்கிறது. எது உண்மை என்பது வேறு பரீட்சை.)

வீட்டுக்குள் இந்தக் கேள்வி வந்தால்தான் கஷ்டம். என் தம்பி மகள் கிளாட் எழுதத் தயார் செய்கிறாள். போன மாசம் தம்பி வந்து உட்கார்ந்து, "அண்ணே, அதிகமா படிக்கிறா, மார்க் குறையுது. 69 எடுத்தவ 63.75க்கு வந்துட்டா. பேசாம பி.காம்ல சேர்த்துடறேன்" என்றான். வீட்டில் ஆளுக்கு ஒரு தீர்ப்பு. 'புஸ்தகத்தைத் திறந்து வெச்சுட்டு செல்போன் பாக்கறா' என்றாள் அவன் மனைவி. அதாவது முதல் சங்கதியே பொய். 'கண் பட்டுடுச்சு' என்றாள் எங்கள் அம்மா. அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. பதினேழு வயசில், நிஜமாகவே ராத்திரி பன்னிரண்டு மணி வரை படித்துவிட்டு, படிக்கவில்லை என்று கேட்டுக்கொள்வது லேசான விஷயமில்லை.

"ரெண்டு விடைத்தாளையும் கொண்டா" என்றேன்.

கிளாட்டில் 120 கேள்வி, 120 நிமிஷம். சரிக்கு ஒரு மார்க், தப்புக்குக் கால் மார்க் காலி. முதல் மாதிரித் தேர்வில் 84 கேள்விதான் தொட்டிருக்கிறாள். 72 சரி, 12 தப்பு. பன்னிரண்டு கால் மூன்று போக 69. இரண்டாவதில் 120-ஐயும் போட்டிருக்கிறாள். 75 சரி! மூன்று கூட. ஆனால் தப்பு 45. பதினொன்றே கால் போய்விட்டது.

"ஏம்மா எல்லாத்தையும் போட்டே?"

"அப்பாதான் பெரியப்பா, ஒரு கேள்வியைக்கூட விடாதேன்னார்."

தம்பி எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டான். அவனையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது. நாலு விடையில் குருட்டாம்போக்கில் ஒன்றைத் தொட்டால்கூட, சராசரிக் கணக்கில் நஷ்டம் இல்லை, துளி லாபம்தான். நஷ்டம் வந்த இடம் வேறு. கடைசியில் அவள் பொறுக்கிப் போட்ட 36-ல் ஒன்பது சரி. தப்புகளுக்கு ஆறே முக்கால் கழித்தாலும் இரண்டே கால் லாபம்தான். ஆனால் அத்தனையும் தொட வேண்டும் என்ற ஓட்டத்தில், முன்பு நிதானமாகப் போட்டு 72 வாங்கிய அளவான 84-ல் இந்தத் தடவை 66-தான் தேறியிருக்கிறது.

"அப்ப எத்தனை விடலாம் பெரியப்பா?" என்றாள்.

முதலில் எண்பத்துச் சொச்சத்தை அவள் வேகத்தில் முடிக்கட்டும், கடைசி இரண்டு நிமிஷத்தில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை அடுத்த மாதிரித் தேர்வு. பி.காம் விண்ணப்பம் இன்னும் தம்பியின் பையில்தான் இருக்கிறது.