கடலடிக்குப் படம் வரைந்த அம்மையார்

சென்ற இதழில் இமயமலையை அளந்த வரலாற்றை எழுதினோம். அதைப் படித்த அன்பர் சிலர், கடலுக்கு அடியிலுள்ள மலைகளையும் எவரேனும் அளந்ததுண்டோ என்று வினவியிருக்கின்றனர். உண்டு. ஆயினும் இமயம் கண்ணுக்குத் தெரியும். கடலடி எவர் கண்ணுக்கும் புலனாவதன்று. முற்காலத்தில் கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார்கள். ஆழ்கடலில் ஓரிடத்தை அளப்பதற்குள் சில மணி நேரம் கழிந்துவிடும். பின்னர் எதிரொலிக் கருவி வந்தது. கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்லும். கப்பலிலிருந்து விடுத்த ஒலி 4 நொடியில் திரும்பினால் ஆழம் 3,000 மீட்டர். வேலை எளிதாயிற்று. ஆனால் கிடைத்தவை வெறும் எண்கள். அவற்றை நிலமாகக் காணவல்ல கண் வேண்டுமன்றோ?

அக்கண் படைத்தவர் மேரி தார்ப் என்னும் அமெரிக்க அம்மையார். கொலம்பியாப் பல்கலைக்கழகத்து ஆய்வுக்கூடத்தில் பணி புரிந்தவர். அந்நாளில் ஆராய்ச்சிக் கப்பல்களில் பெண்களை ஏற்றுவதில்லை. உடன் உழைத்த புரூஸ் ஹீசன் கடலில் சென்று அளவுகளைக் கொணர்வார். அம்மையார் மேசை முன் அமர்ந்து வரைவார். 1952-இல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் குறுக்கே ஆறு வெட்டுத் தோற்றங்களை வரைந்தபோது, நடுவிலுள்ள மலைத்தொடரின் உச்சியிலேயே ஆழ்ந்த பிளவொன்று ஓடக் கண்டார். பிளவு மெய்யாயின் பூமியின் மேலோடு அங்கே விலகுகின்றது என்றாகும். கண்டங்கள் நகர்கின்றன என்றால் அந்நாட்டு அறிஞர் பெரும்பாலோர் நகைத்த காலம் அது. ஹீசனும் இது பெண்பிள்ளைப் பேச்சு எனத் தள்ளிவிட்டார். அம்மையார் மேலும் வரைந்தார். அதே கூடத்தில் வேறொருவர் பூகம்பம் தோன்றிய இடங்களைப் படத்தில் குறித்து வந்தார். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், புள்ளிகள் யாவும் அப்பிளவின் வழியே வரிசையாக விழுந்திருந்தன! அதன் பின்னரே ஹீசன் ஒப்பினார். (அம்மையார் ஆய்வுக் கப்பல் ஏறியது 1968-இல்தான். 2023-இல் அமெரிக்கக் கடற்படை தன் அளவைக் கப்பலொன்றுக்கு அவர் பெயரைச் சூட்டியது.)

இனி நம் கடலுக்கு வருவோம். 1959 முதல் 1965 வரை நடந்த சர்வதேச இந்துமகாசமுத்திர ஆய்வில் நம் நாட்டுக் கப்பல்களும் கலந்துகொண்டன. 1966-இல் தேசியக் கடலாய்வு நிலையம் தோன்றியது அதன் பயனே. 1967-இல் தார்ப், ஹீசன் இருவரின் படத்தைக் கொண்டு ஆஸ்திரிய ஓவியர் பெரான் இச்சமுத்திரத்தின் அடியை வண்ணத்தில் தீட்டினார். மும்பைக் கரையில் காற்று வாங்கும் அன்பர்களுக்கு மேற்கே, நெடுந்தொலைவில், கார்ல்ஸ்பர்க் மலைத்தொடர் நீருக்குள் கிடக்கின்றது. கிழக்கே 90 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டி மற்றொரு தொடர், ஏறக்குறைய 5,000 கிலோமீட்டர் நீளம். கோலத்தில் கைதேர்ந்த நம் வீட்டுப் பெண்களும் அத்தனை நேராக இழை இழுப்பது அரிது.

இதனால் நமக்கென்ன என்பார்க்கு 2004 டிசம்பர் 26-ஐ நினைவூட்டுவோம். கடலோர ஊர்களில் உற்றாரை விட்டு வந்த குடும்பங்கள் நம்மிடையே பல. ஆழிப்பேரலையின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டர் ஓடும். கரையோரம் ஆழம் குறைய, வேகம் தணிந்து உயரம் ஏறும். நாகப்பட்டினத்தை அலை எப்போது எட்டும் என்று கணிக்க, இடையிலுள்ள கடலடியின் மேடுபள்ளம் தெரிந்தாகவேண்டும். ஹைதராபாத்திலுள்ள எச்சரிக்கை நிலையம் 2007 முதல் இக்கணக்கைச் செய்து வருகின்றது. 2025 ஜூன் மாத நிலவரப்படி உலகக் கடலடியில் நவீன முறையில் அளந்து முடிந்தது நூற்றுக்கு 27.3 பங்கு. எஞ்சியதைச் செயற்கைக்கோள் கொண்டு மேலெழுந்தவாரியாகவே அறிந்துள்ளோம்.