மனிதத் தவறா? எந்த மனிதர்?

சென்ற வாரம் ஆரப்பாளையத்தில் மாணவத் தோழர்களோடு கல்பாக்கம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். "அணுஉலை விபத்தெல்லாம் பெரும்பாலும் மனிதத் தவறுதானே?" என்று ஒருவர் கேட்டார். அந்தச் சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

அணுஉலைப் பாதுகாப்பை மதிப்பிடும்போது பம்பும் வால்வும் பழுதாகும் வாய்ப்பைக் கணக்கிடுகிறார்கள். அதைப்போலவே தொழிலாளி தவறு செய்யும் வாய்ப்பையும் கணக்கிடுகிறார்கள். களைப்பு, அவசரம், போதாத பயிற்சி, குழப்பமான கருவி எல்லாம் அந்த வாய்ப்பைக் கூட்டும் என்பது அந்தத் துறையே ஒப்புக்கொண்டது. ஆனால் விபத்து நடந்துவிட்டால் அதெல்லாம் மறந்துபோகிறது. கடைசியாக அங்கே நின்றவர் மட்டும் கண்ணில் படுகிறார்.

1979இல் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுஉலையில், திறந்து கிடந்த ஒரு வால்வை மூடிவிட்டதாக ஆபரேட்டர்கள் நம்பினார்கள். ஏன்? மூடச் சொல்லிச் சமிக்ஞை போனதை மட்டுமே விளக்கு காட்டியது. வால்வு உண்மையில் மூடியதா என்று காட்டவில்லை. விசாரித்த கெமனி ஆணையம் ஆபரேட்டர்களோடு நிற்காமல் பயிற்சி, நிர்வாகம், ஒழுங்குமுறை ஆணையம் எல்லாவற்றையும் குறை சொன்னது.

2003 ஜனவரியில் கல்பாக்கம் அணு மறுசுத்திகரிப்பு ஆலையில் ஒரு வால்வு பழுதானது. அது தெரியாமல் கழிவுத்தொட்டிப் பகுதியில் வேலை செய்த 6 பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். எச்சரிக்கும் கருவி அங்கே இல்லை. தொழிலாளர்கள் பேட்ஜ் அணியவில்லை என்றது நிர்வாகம். அணிந்திருந்தால்? உடம்பில் பட்ட அளவைப் பிற்பாடு சொல்லியிருக்கும். "உள்ளே போகாதே" என்று முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. 2022 ஏப்ரலில் நம் மதுரையில், பழங்காநத்தம் நேரு நகர் கழிவுநீர்க் கிணற்றில் 3 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இறந்தார்கள். பாதுகாப்புக் கருவி தராமல் சாக்கடையில் ஆளை இறக்குவது 2013 சட்டப்படி குற்றம். இருந்தும் ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் "கையுறை போடவில்லை, சொல்லாமல் இறங்கிவிட்டார்" என்ற அதே பேச்சுதான். சாக்கடையில் இறங்குபவர்கள் பெரும்பாலும் நம் மக்கள் என்பதால், அந்தப் பேச்சை ஊரும் எளிதாக நம்பிவிடுகிறது.

தொழிலாளி தவறே செய்யமாட்டார் என்று நாங்கள் சொல்லவில்லை. மனிதர் தவறுவார் என்று தெரிந்தே வேலையிடத்தை அமைப்பதுதான் பாதுகாப்பு. அந்த அமைப்புக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்தவரும் மனிதர்தான். அவர் செய்ததும் தவறுதான்.

தோழர்களே, இனி "மனிதத் தவறு" என்று செய்தி வந்தால் எந்த மனிதர் என்று கேளுங்கள். கருவி வாங்காதவரா, ஒப்பந்தம் விட்டவரா, மேற்பார்வையிட வேண்டியவரா? பதில் எழுத்தில் வரும்வரை கேளுங்கள்.

ஜெய் பீம்!