வீட்டில் படிக்க வைப்பவர் குற்றவாளி அல்ல

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தால் போலீஸ் வரும், பெற்றோரை உள்ளே தள்ளிவிடுவார்கள் என்கிறார்கள். ஆதாரம் கேட்டால் எல்லோரும் கைகாட்டுவது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தை. அதைப் புரட்டிப் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள்.

6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையை அருகமைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது 10ஆம் பிரிவு. மறுக்கவில்லை. அந்தக் கடமையில் தவறினால் என்ன தண்டனை? அந்தச் சட்டத்தில் சிறை இல்லை, ஒரு ரூபாய் அபராதம்கூட இல்லை. அங்கீகாரமில்லாமல் பள்ளி நடத்துபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தொடர்ந்து நடத்தினால் நாளுக்கு 10,000 ரூபாய் என்று கணக்காக எழுதியவர்கள், பெற்றோருக்கு எழுத மறந்துவிட்டார்களா என்ன? சில மாநிலங்களின் பழைய கல்விச் சட்டங்களில் சிறு அபராதம் உண்டு. ஜெயில் பயம் காட்ட அது போதாது.

2012ஆம் ஆண்டுத் திருத்தம் கடும் ஊனமுள்ள பிள்ளைகளுக்கு வீட்டுவழிக் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைத் தந்தது. அப்படியானால் மற்றவர்களுக்கு அது தடை என்றுதானே பொருள் என்று வாதிடுகிறார்கள். ஒருவருக்கு உரிமை கொடுத்ததாலேயே மற்றவர் செய்வது குற்றமாகிவிடாது.

இந்தப் பயம் செய்யும் கேட்டைப் பாருங்கள். பள்ளி செல்லாக் குழந்தைகளைக் கணக்கெடுக்க ஆசிரியை வாசலில் வந்து நிற்கிறார். கூடத்தில் பின்னக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பையனை அவசரமாக உள்ளறைக்கு அனுப்பிவிட்டு, "அவன் பாட்டி வீட்டுக்குப் போயிருக்கான் மேடம்" என்கிறார் அம்மா. கதவுக்குப் பின்னால் நின்று அந்தப் பொய்யைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் பையன். படிப்பது தப்பு என்று ஒரு பிள்ளைக்கு இதைவிட அழுத்தமாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா? அந்த ஆசிரியை தேடி வந்தது செங்கல் சூளையில் கல் சுமக்கும் பிள்ளையை. அவரை உட்கார வைத்து நோட்டுகளைக் காட்டுங்கள். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெண் பிள்ளையை நிறுத்திவிட்டு அதற்கு வீட்டுக்கல்வி என்று பெயர் சூட்டுபவர்களுக்காக நான் பேசவில்லை. 10ஆம் பிரிவு அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது.

வீட்டில் படித்தால் சான்றிதழ் கிடைக்காது என்பதும் புரளிதான். 14 வயது நிரம்பினால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பதியலாம். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பையே தனித்தேர்வராக எழுதலாம், பன்னிரண்டரை வயது முடிந்திருந்தால் போதும். நடுவில் பள்ளிக்குப் போக ஆசைப்பட்டாலும் கதவு திறந்தே இருக்கிறது: பள்ளிப் பக்கமே போகாத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் தரவேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு. "முன்னாடி எந்த ஸ்கூல்? டி.சி. இல்லாம சேர்க்க முடியாது" என்று அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பும் அலுவலகம்தான் சட்டத்தை மீறுகிறது. புகார் எழுதுவதானால் அதன்மேல் எழுதுங்கள்.