ஒயினுக்கு எத்தனை கிளாஸ் வேண்டும்?

ஒவ்வொரு ஒயினுக்கும் தனித்தனி கிளாஸ் என்ற எண்ணத்தை உலகம் முழுக்கப் பரப்பியது ஆஸ்திரியாவின் ரீடல் நிறுவனம். 1973ல் அவர்கள் கொண்டுவந்த வரிசை இன்றும் விற்கிறது. கிளாஸின் வடிவம் ஒயினை நாக்கின் சரியான இடத்தில் கொண்டுபோய் விடும் என்பது அவர்கள் வெகுநாள் சொன்ன காரணம். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று நாமும் பள்ளியில் படம் வரைந்தோமே, அதே கதைதான்! 1901ல் ஜெர்மனியில் ஹேனிக் எழுதிய ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்த படம் அது. சுவை மொட்டு உள்ள எல்லா இடத்திலும் எல்லாச் சுவையும் தெரியும்.

அப்படியானால் கிளாஸ் வெறும் பந்தாவா? அப்படியும் இல்லை. விஷயம் மூக்கில் இருக்கிறது. வயிறு அகன்று வாய் குறுகிய கிளாஸில் மணம் தங்கும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிச் சுழற்றுவது அதற்காகத்தான். ஷாம்பெயினை அகன்ற கிண்ணத்தில் ஊற்றினால் குமிழி சீக்கிரம் போய்விடும். விஸ்கிக்கென்று 2001ல் ஸ்காட்லாந்தில் வந்த கிளென்கெய்ர்ன் கிளாஸும் இந்தத் துலிப் வடிவம்தான்.

மீனோடு வெள்ளை ஒயின், ஆட்டிறைச்சியோடு சிவப்பு என்றாலும், என்னைக் கேட்டால் நடுத்தர அளவில் ஒரே துலிப் கிளாஸ் போதும். தட்டுக்கு நாலு கிளாஸ் நின்றால் கை வைக்க இடமிருக்காது. (கழுவுகிறவரையும் கொஞ்சம் கேளுங்கள்!) மிச்சப் பணத்துக்கு நல்ல ஒயினாக வாங்கலாம். ஒன்று மட்டும்: கிளாஸை அலமாரியில் கவிழ்த்து வைக்காதீர்கள், உள்ளே மர வாடை அடிக்கும்.