‘2.0’ வதந்திகளும் 150 வீடுகளும்: மலையகத்திலிருந்து ஒரு பார்வை

ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து டிக்கோயாப் பக்கம் போவதற்கு அண்மையில் ஓர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டிய தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் பத்திரிகைகளுக்கு எழுதுகிறவன் என்று தெரிந்ததும் சம்பளப் பிரச்சினை பற்றித்தான் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் கேட்டது வேறு.

“அண்ணே, எந்திரன் மூணாவது பார்ட்ல தலைவர் நடிக்கிறாரா இல்லையா? உங்களுக்கு உள்விசயம் தெரிஞ்சிருக்குமே.”

எனக்கு ஓர் உள்விசயமும் தெரியாது. 2018இல் வந்த ‘2.0’ முடியும் இடத்தில் ஒரு குட்டி ரோபோவை ‘3.0’ என்று காட்டிவிட்டுப் போனார் இயக்குநர் ஷங்கர். அன்று தொடக்கம் மூன்றாம் பாகத்தில் யார் யார் என்ற பேச்சு ஓயவில்லை. ஆனால் அந்தத் தம்பியின் கேள்வி என்னை வேறொரு பக்கம் இழுத்துப் போனது. இந்தப் படத்தொடரின் நடிகர்கள் பற்றி சென்னையில் கிளம்பிய வதந்திகள் இரண்டு தடவை எங்கள் அரசியலுக்குள் வந்து விழுந்திருக்கின்றன. இரண்டாவது தடவை நானும் வாயைத் திறந்தேன். அதைப் பற்றித்தான் எழுதவேண்டும் என்று தோன்றியது.

‘எந்திரன்’ பிறந்ததே வதந்திக்குள்தான். முதலில் ‘ரோபோ’ என்ற பெயரில் கமல்ஹாசனையும் பிரீத்தி ஜிந்தாவையும் வைத்து எடுக்க ஷங்கர் திட்டமிட்டார். ஒப்பனைப் படங்கள்கூட எடுத்தார்கள், பிறகு நின்றுபோனது. 2007இல் ஷாருக் கான் பெயர் அடிபட்டது, அதுவும் கைகூடவில்லை. 2008இல்தான் ரஜினிகாந்தும் ஐஸ்வர்யா ராயும் என்று முடிவானது. அந்த ஆண்டு வன்னியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் திகதி சென்னையில் திரையுலகினர் ஈழத் தமிழருக்காக உண்ணாவிரதம் இருந்தார்கள். ரஜினியும் வந்து பேசினார். இரண்டு மாதத்தில் கிளிநொச்சி விழுந்தது.

2010 ஜூன் மாதம் கொழும்பில் இந்தித் திரையுலகின் ஐஃபா விருது விழா நடந்தது. போர் முடிந்து ஓராண்டு. சனல்கள் எல்லாம் சிவப்புக் கம்பளத்தைக் காட்டிக்கொண்டிருந்த நாட்கள். கொழும்புக்குப் போகிற நடிகர்களின் படங்களைத் தென்னிந்தியாவில் ஓடவிடமாட்டோம் என்று அங்குள்ள திரைப்பட அமைப்புகள் அறிவித்தன. அமிதாப் பச்சன் வரவில்லை. ஐஸ்வர்யா ராயும் வரவில்லை. ‘ராவணன்’, ‘எந்திரன்’ இரண்டும் வெளியாக இருந்த நேரம். வியாபாரத்துக்குப் பயந்து நின்றார் என்று ஒரு கதை, தமிழர் மேல் இரக்கப்பட்டு நின்றார் என்று இன்னொரு கதை. உண்மை அவர்கள் வீட்டுக்குத்தான் தெரியும். இரண்டாவது கதையை நம்ப எங்களுக்கு ஆசையாக இருந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். யாராவது ஒருவர் எங்களுக்காக எதையாவது விட்டுக்கொடுத்தார் என்று கேள்விப்படுவதற்கு ஏங்கிக் கிடந்த காலம் அது.

‘எந்திரன்’ 2010 ஒக்டோபர் 1ஆம் திகதி வெளிவந்தது. எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் டீவிடியில் போட்டார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் முப்பது பேர். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் கொடுப்பனவுகள் எல்லாம் சேர்த்து 405 ரூபா. அதே மாதம் என் சித்தி வன்னியில் தறப்பாளுக்குக் கீழே இருந்தார்.

சித்தியைப் பற்றிச் சொல்லவேண்டும். சித்தப்பா குடும்பம் ஹட்டனுக்குக் கீழே ஒரு தோட்டத்தில்தான் இருந்தது. 1977 கலவரத்தில் லயம் எரிந்த பிறகு வவுனியாப் பக்கம் போனார்கள். அப்படிப் போன மலையகக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். காடு வெட்டி, கிணறு தோண்டி, எல்லைக் கிராமங்களில் குடியேறினார்கள். போர் வந்தபோது முதலில் ஓடியவர்களும் அவர்கள்தான். சித்தப்பா 2009இல் மாத்தளனில் போய்விட்டார். சித்தி தனியாக மெனிக் பாமுக்குள் இருந்துவிட்டு வெளியே வந்தார். பிறகு வந்த வீட்டுத்திட்டம் ஒன்றில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தனி ஆளுக்குப் புள்ளி குறைவு என்று சொன்னார்களாம். தறப்பாள் தகரக் கொட்டிலானது, அவ்வளவுதான் மாற்றம்.

இரண்டாம் பாகத்தின் வதந்திகள் முதலாம் பாகத்தை விட விறுவிறுப்பானவை. வில்லனாக ஆர்னோல்ட் ஷ்வார்ஸ்நெகர் வருகிறார் என்றார்கள். அவரோ 2014 செப்டெம்பரில் ‘ஐ’ படத்தின் பாடல் வெளியீட்டுக்குச் சென்னைக்கே வந்து போனவர், ஆகவே எல்லோரும் நம்பினார்கள். ஆமிர் கானைக் கேட்டார்கள் என்றொரு பேச்சு. அது உண்மைதான் என்று அவரே பின்னர் சொன்னார். கடைசியில் வந்தவர் அக்‌ஷய் குமார். 2015 டிசம்பரில், சென்னை வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கையோடு, ஆடம்பரம் இல்லாமல் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள்.

தயாரிப்பு லைக்கா. முல்லைத்தீவில் பிறந்து ஐரோப்பாவில் தொலைபேசி அட்டை விற்று வளர்ந்த சுபாஸ்கரன் அல்லிராஜாவின் நிறுவனம். ராஜபக்ச குடும்பத்தோடு தொடர்பு என்ற குற்றச்சாட்டு 2014இல் ‘கத்தி’ வந்தபோதே எழுந்தது. நிறுவனம் மறுத்தது. ஆனாலும் தமிழகத்தில் தன் பெயரை நீக்கித்தான் படத்தை ஓட்டவேண்டி வந்தது. இது பழைய கதை என்று விட்டுவிடலாம். ஆனால் 2017 மார்ச் மாதம் நடந்ததைப் புரிந்துகொள்ள இது வேண்டும்.

லைக்காவின் ஞானம் அறக்கட்டளை வவுனியாவில் போரால் இடம்பெயர்ந்தவர்களுக்கு 150 வீடுகள் கட்டியிருந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி அவற்றைக் கையளிக்க ரஜினிகாந்த் வருகிறார் என்று செய்தி வந்தது. உடனே உள்விசயங்கள் கிளம்பின. படத்துக்கு விளம்பரம் என்றார்கள். அரசாங்கம் அழைத்திருக்கிறது என்றார்கள். கட்சி தொடங்கப்போகிறார், அதற்கு ஒத்திகை என்றார்கள். எங்கள் தோட்டப் பக்கம் ஒரு சொந்த வதந்தியே உலாவியது: வவுனியாவை முடித்துவிட்டு நுவரெலியாவுக்கும் வருகிறாராம், லயங்களைப் பார்க்கப்போகிறாராம். யார் கிளப்பியது என்று தெரியாது. ஒரு கிழமைக்குக் கொழுந்து மலையில் வேறு பேச்சே இல்லை.

திருமாவளவன், வைகோ, வேல்முருகன் ஆகியோர் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். மார்ச் 25ஆம் திகதி ரஜினி பயணத்தை ரத்துச் செய்து அறிக்கை விட்டார். அவர்கள் சொன்ன காரணங்கள் முழுதாகத் தனக்கு உடன்பாடானவை இல்லை என்றும், தான் அரசியல்வாதியல்ல, கலைஞன் என்றும், இனி ஒருமுறை போனால் தடுக்கவேண்டாம் என்றும் அதில் சொல்லியிருந்தார்.

தமிழகத் தலைவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. திகதியைப் பாருங்கள். மார்ச் 23ஆம் திகதிதான் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை இலங்கைக்கு மேலும் இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. கேப்பாப்புலவு மக்கள் தங்கள் காணிக்காக இராணுவ முகாமுக்கு முன்னால் இருந்தார்கள். பெப்ரவரி 20 தொடக்கம் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரம் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வேளையில் ஆசியாவின் பெரிய நடிகர் ஒருவர் வவுனியாவில் சிரித்துக்கொண்டு வீட்டுச் சாவி கொடுக்கும் படம் உலகம் முழுக்கப் போனால், அந்தத் தாய்மாரின் படம் எங்கே போகும்? இதைத்தான் நானும் அன்று முகப்புத்தகத்தில் எழுதினேன். வரவேண்டாம் என்று எழுதினேன். நிறையப் பேர் விரும்பினார்கள், பகிர்ந்தார்கள். அதிகம் பேர் லண்டன், டொரொன்டோ, சென்னை.

அடுத்த நாள் சித்தி தொலைபேசி எடுத்தார். யாரோ வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

“நீ எழுதுனது சரியாத்தான் இருக்கும் தம்பி. ஆனா அவரு வந்தா ரோட்டையாவது போட்டிருப்பாங்கல்ல? டிஎஸ் வந்திருப்பாரு. நானும் போயி என் பேப்பர குடுத்திருப்பேன்.”

நான் பதில் சொல்லவில்லை. அந்த 150இல் சித்திக்கு ஒன்றும் இல்லை. அவை ஏற்கெனவே கட்டிய வீடுகள், ரஜினி வந்தாலும் வராவிட்டாலும் அங்கேதான் இருக்கும். சித்தி எதிர்பார்த்தது ரஜினியை அல்ல, அவரோடு வரும் கமராவையும், கமராவுக்குப் பயந்து வரும் அதிகாரியையும். எட்டு வருடமாக அந்தப் பிரதேச செயலாளரைச் சந்திக்க ஒரு சந்தர்ப்பம் தேடிக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கணக்கு எனக்கும் தெரியவில்லை, சென்னையில் அறிக்கை விட்டவர்களுக்கும் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் ரஜினி வரவேண்டும் என்று பதாகை பிடித்தவர்களை அன்று நான் கூலிக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன். சிலர் அப்படியும் இருந்திருக்கலாம். ஆனால் சித்தி யாரிடமும் காசு வாங்கவில்லை.

என் கருத்தை நான் இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் படம் அந்த மாதம் வந்திருந்தால் தாய்மாருக்குக் கெடுதல்தான். ஆனால் வரவேண்டாம் என்று எழுதுவதற்கு முன்னால் ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்திருக்கலாம். அதற்கு ஐந்து ரூபா போதும்.

ரஜினி வராமல் போன ஆறு கிழமைக்குள், மே 12ஆம் திகதி, இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டுக்கு வந்தார். மைதானம் நிரம்பி வழிந்தது, நானும் அங்கே இருந்தேன். எம்.ஜி.ஆர் பிறந்த மண், முரளிதரனைத் தந்த மண் என்று மேடையில் சொன்னபோது எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஏற்கெனவே இருந்த 4,000 வீடுகளோடு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். இந்தத் தடவை கமராவும் வந்தது, அதிகாரியும் வந்தார், ரோட்டும் போட்டார்கள். சித்தியின் கணக்குப்படி எல்லாம் சரி. ஆனால் அந்த 10,000இல் முதற்கட்டமாக 1,300 வீடுகளுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2024 பெப்ரவரியில். ஏழு வருடம் போயிருந்தது. காணி விடுவிப்பது கம்பனி, திட்டத்தைக் கையாள்வது அமைச்சு, பணம் டில்லியிலிருந்து. இடையில் அரசாங்கங்கள் மாறின, பொருட்களின் விலை பல மடங்கானது. இந்தக் கதையை எந்தச் சனலும் உள்விசயம் என்று போடுவதில்லை.

‘2.0’ 2018 நவம்பர் 29ஆம் திகதி வெளியானது. கைப்பேசிக் கோபுரங்களால் பறவைகள் சாகின்றன என்பது கதை. தொலைபேசியில் பணம் பண்ணிய நிறுவனம் அந்தக் கதைக்குப் பணம் போட்டதும், இந்தியக் கைப்பேசிக் கம்பனிகளின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டதும் தனி வேடிக்கை. இங்கே அந்த நேரம் அடிப்படைச் சம்பளம் 500 ரூபா. ஆயிரம் ரூபா கேட்டு மலையக இளைஞர்கள் கறுப்பு உடையோடு காலிமுகத்திடலில் கூடியது ஒக்டோபர் 24இல். டிசம்பர் 4ஆம் திகதி தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டுக்கும் நடுவில் படம் வந்தது. காலிமுகத்திடலுக்குப் போன அதே பையன்கள்தான் முதல் நாள் முதல் காட்சிக்கும் போனார்கள். அதில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து இன்னொரு நடிகர் சர்ச்சை. இது விஞ்ஞானப் படமல்ல, முரளிதரனின் வாழ்க்கையைச் சொல்லும் ‘800’. விஜய் சேதுபதி நடிக்கக்கூடாது என்று தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது. 2020 ஒக்டோபரில் முரளியே கேட்டுக்கொண்டதால் அவர் விலகினார். படம் 2023இல் வேறு நடிகரோடு வந்துபோனது. போரின் முடிவு பற்றியும் கோட்டாபய பற்றியும் முரளி பேசியவை வன்னி மக்களுக்கு வலித்தன, அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்த நாட்களில் ‘தோட்டக்காட்டான் புத்தி’ என்று எழுதியவர்களும் இருந்தார்கள். முரளியைத் திட்டுவதற்கு அவருடைய பாட்டனார் தேயிலை மலைக்கு வந்த கதை எதற்கு? அதை எழுதியவர்களில் சிலர் 2017இல் என் பதிவைப் பகிர்ந்தவர்கள். சித்தி வன்னியில் முப்பது வருடம் கேட்ட சொல் அது.

இதையெல்லாம் ஆட்டோவில் அந்தத் தம்பியிடம் முழுதாகச் சொல்லவில்லை. ரஜினி வவுனியாவுக்கு வர இருந்து வராமல் போன கதையை மட்டும் சொன்னேன். அவனுக்கு அது அரைகுறையாக நினைவிருந்தது, அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தானாம். கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டினான்.

“இங்க வந்திருந்தாருன்னா எங்க வீடு எப்பவோ முடிஞ்சிருக்கும்ணே” என்றான். அவனுடைய அப்பாவின் பெயர் பட்டியலில் இருக்கிறது. ஏழு பேர்ச் காணியும் அளந்து கொடுத்தாகிவிட்டது. ஒரு வளைவில் வண்டியை மெதுவாக்கி, கீழே கையைக் காட்டினான். மானாப்புல் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதற்குள் எங்கோ அடிக்கல் இருக்கிறதாம்.