ரா ஃபைலைத் திறக்க எந்த சாஃப்ட்வேர்? சந்தா கட்டும் முன் யோசிக்க வேண்டியவை

கன்னியாகுமரி கடற்கரையில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்றால், சூரியனுக்கு முன்னாடி கேமராக்கள் வந்து நிற்பதைப் பார்க்கலாம். விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பரில் திறக்கப்பட்ட 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் எல்லாமே ஒரே ஃபிரேமில் வேண்டும். ஆனால் வானத்தின் நிறம் சரியாக வந்தால் சிலை கரிக்கட்டை ஆகிவிடுகிறது. சிலை தெளிவாக வந்தால் வானம் வெளுத்துப்போகிறது.

இதற்கு எல்லாரும் சொல்லும் ஒரே தீர்வு, "ராவில் எடு" என்பதுதான். சரி, எடுத்தாச்சு. அந்த ஃபைலை எதில் திறப்பது? அங்கேதான் உண்மையான குழப்பம் ஆரம்பிக்கிறது. யூடியூப்பில் ஒருத்தர் ஒன்றைச் சொல்வார், ஸ்டூடியோ அண்ணன் இன்னொன்றைச் சொல்வார். கடைசியில் நாம் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் நமக்குப் பொருத்தமான சாஃப்ட்வேரை அல்ல, பக்கத்தில் இருப்பவர் வைத்திருப்பதைத்தான்.

இந்த முடிவைச் சாதாரணமாக எடுத்துவிடக் கூடாது. பத்து வருஷம் கழித்தும் உங்கள் படங்களை உங்களால் திறந்து திருத்த முடியுமா என்பது இதில்தான் இருக்கிறது.

ரா என்றால் என்ன?

பிலிம் காலத்தில் நெகட்டிவ் எப்படியோ, டிஜிட்டலில் ரா ஃபைல் அப்படி. கேமராவின் சென்சார் பிடித்த வெளிச்சத்தின் அளவு, கிட்டத்தட்ட எந்தச் சமையலும் செய்யாமல் அப்படியே சேமிக்கப்படுகிறது.

ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான். 14 பிட் ரா ஃபைலில் 16,384 படிநிலைகள். அதனால்தான் இருட்டில் மூழ்கிய சிலையை ராவில் மேலே தூக்கினால் விவரங்கள் வருகின்றன, ஜேபெக்கில் தூக்கினால் கறைகள் வருகின்றன.

ஒரு எச்சரிக்கை: முழுக்க வெளுத்துப்போன இடத்தை ராவாலும் மீட்க முடியாது. சென்சாரில் பதிவாகாத விவரத்தை எந்த சாஃப்ட்வேரும் கொண்டுவராது. சூரிய உதயம் எடுக்கும்போது வானத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, நிழலைப் பிறகு தூக்குவதுதான் பாதுகாப்பு.

ஒரே ஃபைல், ஆளுக்கொரு நிறம் ஏன்?

பெரும்பாலான சென்சார்களில் ஒவ்வொரு பிக்சலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கும். பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் உருவாக்கிய இந்த அமைப்புக்கு 1976இல் காப்புரிமை கிடைத்தது. மீதி இரண்டு நிறங்களையும் பக்கத்துப் பிக்சல்களை வைத்து சாஃப்ட்வேர்தான் கணக்குப் போட்டு நிரப்புகிறது. இதற்கு டிமொசைக்கிங் என்று பெயர்.

அதோடு எந்தச் சிவப்பு எவ்வளவு சிவப்பு, தோலின் நிறம் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி கலர் புரொஃபைல் வைத்திருக்கிறது. ஒரே அரிசி, ஒரே தேங்காய் இருந்தாலும் வீட்டுக்கு வீடு குழம்பு ருசி மாறுவது மாதிரிதான். அதனால் "எது பெஸ்ட்?" என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. "உங்கள் கேமராவுக்கும் உங்கள் வேலைக்கும் எது?" என்றுதான் கேட்க வேண்டும்.

கையில் என்னென்ன இருக்கு?

முதலில், பலர் மறந்துவிடுகிற ஒன்று. நீங்கள் கேமரா வாங்கிய நிறுவனமே சாஃப்ட்வேரை இலவசமாகத் தருகிறது. கேனனுக்கு டிஜிட்டல் போட்டோ புரொஃபஷனல், நிக்கானுக்கு 2021இல் வந்த என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ் டெஸ்க்டாப். கேமராவின் திரையில் பார்த்த அதே நிறம் வேண்டுமென்றால் இவைதான் நேரான வழி. ஃபியூஜிஃபிலிமின் எக்ஸ் ரா ஸ்டூடியோ இன்னும் சுவாரஸ்யம்: கேமராவை யூஎஸ்பியில் மாட்டினால் கேமராவின் பிராசஸரே படத்தை உருவாக்கிக் கொடுக்கும். குறை என்னவென்றால், ஆயிரக்கணக்கான படங்களை வகைப்படுத்தி வேலை செய்ய இவை தோதாக இருக்காது.

அடுத்து, திறந்த மூல சாஃப்ட்வேர்கள். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். காசு கிடையாது, பதிவு கிடையாது. டார்க்டேபிள் முதலில் மிரட்டும். எதை எங்கே தொடுவது என்று புரியவே ரெண்டு வாரம் ஆகலாம். பழகிவிட்டால், படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்துத் திருத்தும் மாஸ்க் வசதியில் காசு கொடுத்து வாங்குபவற்றுக்குச் சளைத்ததில்லை.

மூன்றாவது, கட்டண சாஃப்ட்வேர்கள். அடோபியின் லைட்ரூம் 2007இல் வந்தது, இன்றைக்குக் கல்யாண போட்டோகிராபர்களின் பொது மொழி அதுதான். கேப்சர் ஒன், கேமராவைக் கணினியோடு இணைத்து எடுக்கும் ஸ்டூடியோ வேலைக்குப் பேர் போனது. டிஎக்ஸ்ஓ ஃபோட்டோலேப், இருட்டில் எடுத்த படத்தின் மணல் மணலான நாய்ஸை நீக்குவதில் கெட்டி. அதன் டீப்பிரைம் வசதி 2020இல் வந்தது. இதே மாதிரி ஏஐ நாய்ஸ் நீக்கம் லைட்ரூமுக்கு 2023இல்தான் வந்தது. சுசீந்திரம் தேரூர் குளங்களில் மங்கிய வெளிச்சத்தில் பறவை எடுப்பவர்களுக்கு இந்த ஒரு வசதியே பெரிய விஷயம். ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு இல்லாத லேப்டாப்பில் ஒரு படத்துக்கே பல நிமிஷம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

ஆடி மாசமும் சந்தா கட்டணும்

மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கேண்டிட் போட்டோகிராபி செய்யும் இளைஞரின் வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராது. ஆடியில் முகூர்த்தம் இல்லை, மார்கழியில் இல்லை. கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம் உள்ள இந்த மாவட்டத்தில் தவக்காலத்திலும் கல்யாணம் நடப்பது குறைவு. ஆனால் சந்தா மட்டும் எல்லா மாசமும் ஒரே தேதியில் அக்கவுண்ட்டிலிருந்து போகும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று: "மாதத் தவணை, ஆனால் ஒரு வருட ஒப்பந்தம்" என்ற வகைத் திட்டம். இடையில் நிறுத்தினால் அபராதம் கேட்பார்கள். இதைத் தெளிவாகச் சொல்லாமல் மறைத்ததாக 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்கே தொடர்ந்தது. எந்த நிறுவனமாக இருந்தாலும் 'மாதம்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கிளிக் செய்யாமல், கீழே பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று ஒருமுறை படியுங்கள்.

ஒருமுறை பணம் கட்டி வாங்கும் வழி இன்னும் இருக்கிறதா? டிஎக்ஸ்ஓ, கேப்சர் ஒன் இரண்டிலும் இருக்கிறது. லைட்ரூமில் இல்லை, 2015இல் வந்த லைட்ரூம் 6 தான் அந்த வகையில் கடைசி.

"மக்கா, கிராக் இருக்கு… போட்டுத் தரட்டா?"

இந்தக் கேள்வியைக் கேட்காத கேமராக்காரர் ஊரில் இருக்க மாட்டார். நேரடியாகவே பேசுவோம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு கணினி மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்காகவோ லாபத்துக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் கல்யாண ஆர்டர் எடுப்பது தொழில்தானே?

சட்டத்தை விடுங்கள். கிராக் செய்யப்பட்ட ஃபைலோடு சேர்ந்து வைரஸும் வரலாம். ஒருத்தர் வீட்டுக் கல்யாணம் முழுவதும் இருக்கிற ஹார்ட் டிஸ்க் லாக் ஆகிவிட்டால், அந்த முகூர்த்தத்தை மறுபடி நடத்த முடியாது. இலவசமாகவே நல்ல சாஃப்ட்வேர்கள் இருக்கும்போது இந்த ரிஸ்க் எதுக்கு?

கடை மூடினால் எடிட் என்ன ஆகும்?

நாம் ராவில் எடிட் செய்யும்போது ஒரிஜினல் ஃபைல் மாறுவதில்லை. "இங்கே வெளிச்சத்தைக் கூட்டு, அங்கே நிறத்தைக் குறை" என்ற குறிப்புகள்தான் தனியாகச் சேமிக்கப்படுகின்றன. அந்தக் குறிப்பை எழுதிய சாஃப்ட்வேருக்குத்தான் அது முழுசாகப் புரியும். இதுதான் சிக்கல்.

ஆப்பிள் 2005இல் அப்பர்ச்சர் என்ற சாஃப்ட்வேரைக் கொண்டுவந்தது. நிறைய புரொஃபஷனல்கள் நம்பிப் போனார்கள். 2014இல் நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2019இல் வந்த மேக் இயங்குதளத்தில் அது ஓடவே இல்லை. வருஷக்கணக்கில் செய்த எடிட்களை வேறொன்றுக்கு அப்படியே மாற்ற வழியில்லாமல் பலர் திண்டாடினார்கள்.

லைட்ரூம் கிளாசிக் சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும்? படங்கள் போகாது. பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம். ஆனால் எடிட் செய்யும் 'டெவலப்' பகுதி பூட்டிக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போவது வேறு, தெரியாமல் மாட்டுவது வேறு.

திறந்த மூலத்திலும் குறை இல்லாமல் இல்லை. கேனன் 2018இல் சிஆர்3 என்ற புது ரா வகையைக் கொண்டுவந்தது. டார்க்டேபிளில் அதற்கான ஆதரவு வந்தது 2021 டிசம்பரில்தான். ரா வகைகளின் உள்ளமைப்பைக் கேமரா நிறுவனங்கள் வெளிப்படையாகச் சொல்லாததால், வெளியில் இருப்பவர்கள் ஒவ்வொன்றையும் தாங்களே பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பொதுவான வடிவமாக அடோபி 2004இல் டிஎன்ஜியை வெளியிட்டது. பெரிய கேமரா நிறுவனங்கள் பலவும் இன்றுவரை தங்கள் சொந்த வகையையே விடாமல் பிடித்திருக்கின்றன.

அப்போ எப்படித் தேர்வு செய்வது?

1. உங்கள் கேமரா மாடல் அந்த சாஃப்ட்வேரின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புது மாடல் என்றால் கட்டாயம் பாருங்கள். இல்லையென்றால் அடோபியின் இலவச டிஎன்ஜி கன்வர்ட்டரில் மாற்றி முயலலாம்.

2. எத்தனை படங்கள் எடுக்கிறீர்கள்? ஒரு கல்யாணத்துக்கு 3,000 படம், படம் ஒன்றுக்கு 30 எம்பி என்றால் 90 ஜிபி. இங்கே வேகமும் வகைப்படுத்தலும் முக்கியம். லைட்ரூம் சந்தா தரும் நேர மிச்சம் காசுக்குத் தகுந்ததாக இருக்கலாம். மாசத்துக்கு இருபது படம் எடுத்து மாத்தூர் தொட்டிப் பாலத்தையும் முட்டம் கடற்கரையையும் ரசிக்கிறவர் என்றால் இலவசமே தாராளம்.

3. உங்கள் லேப்டாப் தாங்குமா? 8 ஜிபி ராம் வைத்துக்கொண்டு ஏஐ வசதிக்குப் பணம் கட்டுவதில் அர்த்தம் இல்லை. முதலில் ராமையும் எஸ்எஸ்டியையும் கவனியுங்கள்.

4. உங்கள் சொந்தப் படங்கள் ஐந்தை வைத்துச் சோதியுங்கள். ஒரு சூரிய உதயம், வெள்ளை கவுனும் கறுப்பு கோட்டும் நிற்கும் ஒரு சர்ச் கல்யாணம், எல்இடி விளக்கில் ஒரு ரிசப்ஷன், கறுத்த தோலும் சிவந்த தோலும் சேர்ந்த ஒரு குடும்பப் படம், இருட்டில் ஒன்று. விளம்பரப் படத்தில் எல்லா சாஃப்ட்வேரும் அழகாகத்தான் இருக்கும். நம்ம ஊர் தோல் நிறத்தை எது இயல்பாகக் காட்டுகிறது என்பது இந்த ஐந்தில் தெரிந்துவிடும்.

5. முடிந்த படங்களில் முக்கியமானவற்றை 16 பிட் டிஃப் ஆகவும் எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். எந்த சாஃப்ட்வேர் போனாலும் அந்தப் படம் திறக்கும். ஒரிஜினல் ராவை ரெண்டு இடத்தில் வையுங்கள்.

போனில் மட்டும் எடுக்கிறீர்களா?

உங்களுக்கும் இது பொருந்தும். ஆண்ட்ராய்டில் 2014 முதலே டிஎன்ஜி ரா எடுக்கும் வசதி இருக்கிறது, ஆனால் எல்லா போனிலும் நிறுவனங்கள் அதைத் திறந்துவிடுவதில்லை. ஐபோன் 12 புரோ முதல் புரோரா இருக்கிறது. கேமரா செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். எடுத்த டிஎன்ஜியை கூகுளின் ஸ்னாப்சீட்டில் இலவசமாகவே திருத்தலாம்.

எங்கள் பார்வை

புதிதாகத் தொடங்குபவர் கேமரா நிறுவனத்தின் இலவச சாஃப்ட்வேரிலோ டார்க்டேபிளிலோ ஆரம்பிக்கட்டும். ஒரு கல்யாண சீசன் முழுக்க வேலை செய்து பார்த்து, எங்கே நேரம் வீணாகிறது என்று தெரிந்த பிறகு அதற்காக மட்டும் காசு கொடுக்கட்டும்.

மாவட்டத்தில் விஷுவல் கம்யூனிகேஷன் கற்றுத்தரும் கல்லூரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரே ஒரு நிறுவனத்தின் சாஃப்ட்வேரை மட்டும் சொல்லிக்கொடுத்து அனுப்பினால், படித்து முடித்த பையனும் பெண்ணும் வெளியே வந்ததும் சந்தா கட்டணும், இல்லாவிட்டால் கிராக் தேடணும். ஆய்வகத்தில் அதன் பக்கத்திலேயே டார்க்டேபிளையும் ராதெரபியையும் போட்டு வைப்பதற்கு ஒரு பைசா செலவில்லை. முதல் சம்பளம் வரும் வரைக்குமாவது அந்தப் பிள்ளைகள் சொந்தக் காலில் நின்று படம் திருத்தலாம்.