வண்டி மாற்றல் தகுமோ?

புதியதொன்று தோன்றியவிடத்துப் பழையதன்மேல் வெறுப்பு உண்டாதல் எக்காலத்தும் உள்ளதே. ஆயின், பழையது கெடாதிருக்கும்போதே அதனைக் கெட்டதென எண்ணும் வழக்கம் இக்காலத்துக்கே சிறப்பாக உரியது. ஈண்டு யாம் எடுத்துக்கொண்டது மோட்டார் சைக்கிளைப் பற்றிய ஒரு வினா. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் கொடுத்துவிட்டு, அதே பெயருடன் வந்துள்ள புதிய வண்டியை வாங்குதல் தகுமோ தகாதோ என்பதே அது. கல்லூரி இதழிற்கு ஏற்ற பொருளோ இஃது என்று தமிழ்த்துறைப் பெரியோர் புருவம் நெரித்தலுங் கூடும். யாப்பிலக்கணத்தைக் காட்டிலும் இவ்வினாவே நம் மாணவர் பலருடைய உறக்கத்தைக் கெடுத்தது என்பதை யாம் அறிவோம். ஆகலின் எழுதத் துணிந்தோம்.

இவ்வினா பிற இடங்களினும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்திற்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் மிகக் கூர்மையாக எழுகின்றது. இராமாநுசர் தோன்றிய ஊரென்றே முன்னர்ப் பேசப்பட்ட ஸ்ரீபெரும்புதூர், இன்று தொழிற்சாலைகளின் ஊர். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார், ஒரகடத்தில் ரெனோ, நிசான் கார்களும் பாரத்பென்ஸ் லாரியும் அப்போலோ டயரும், வல்லம் வடகாலில் யமஹா என்று அடுத்தடுத்து ஆலைகள் நிற்கின்றன. ராயல் என்ஃபீல்டு கம்பெனியாரும் 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் வல்லம் வடகாலிலும் உற்பத்தி தொடங்கினர். ஷிப்டு முடிந்து வெளிவரும் இளைஞன், தன் பழைய வண்டியைக் கிளப்பும்போதே, உறையிட்ட புது வண்டிகளை அடுக்கிய லாரி அவனைக் கடந்து செல்கின்றது. வேறு ஊரில் விளம்பரத்திற் காணும் பொருளை அவன் கண்முன் நாடோறுங் காண்கின்றான். அதன் ஓர் உறுப்பைத் தன் கையாலேயே பூட்டியுமிருப்பான். ஆசை பிறத்தற்கு இதனினும் வேறென்ன வேண்டும்?

நிற்க. இவ்வண்டியின் வரலாற்றை ஒரு சிறிது நோக்குவாம். இங்கிலாந்தில் ரெடிச் என்னும் ஊரிலிருந்த என்ஃபீல்டு கம்பெனியும் நம் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவை நிறுவின. திருவொற்றியூரில் புல்லட் வண்டி உருவாகத் தொடங்கிற்று. 1970-களின் தொடக்கத்துக்குள் இங்கிலாந்தில் அத்தாய்க் கம்பெனி மறைந்தொழிந்தது. திருவொற்றியூரிலோ, வார்ப்பிரும்பு எஞ்சின் கொண்ட அப்பழைய வண்டியே பெரிய மாறுதலின்றிப் பல்லாண்டுகள் வந்துகொண்டிருந்தது. தந்தை வாங்கியதும் மைந்தன் வாங்கியதும் ஏறத்தாழ ஒன்றே. மாற்றலாமோ என்று வினவுவாரும் அக்காலத்து அரியர். மாற்றிப் பெறுதற்கு வேறொன்றும் இருந்ததில்லை.

2009-இல் கிளாசிக் 350 வெளிவந்தது. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் ஒரே கூட்டினுள் அமைந்த அலுமினிய எஞ்சின் அதற்கு வாய்த்தது. 2020-இல் புகை விதிகள் கடுமையானபோது கார்புரேட்டர் நீங்கி, எரிபொருளை அளந்து பீச்சும் கருவி வந்தது. 2021 செப்டம்பரில் எஞ்சினும் சட்டமும் முற்றிலும் வேறான கிளாசிக் அதே பெயருடன் வந்தது. 2024 செப்டம்பரில் எல்.இ.டி. விளக்கு முதலியன சேர்ந்தன. முன்னர் ஒரு தலைமுறை காத்திருந்த மாற்றம் இப்போது மூன்றாண்டுக்கொருமுறை கதவைத் தட்டுகின்றது.

புதியது மேலானதன்று என்று சாதிக்க யாம் வரவில்லை. அது மேலானதே. ஆனால் எதனில் மேலானது என்பதை அறிந்து பேசுதல் வேண்டும். பழைய எஞ்சினின் உருளை விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம் 90 மில்லிமீட்டர். கொள்ளளவு 346 சி.சி. புதியதில் விட்டம் 72, தூரம் 85.8, கொள்ளளவு 349. பழையதன் ஆற்றல் 19.8 குதிரைத்திறன், புதியதன் ஆற்றல் 20.2. முறுக்குவிசையோ பழையதில் 28 நியூட்டன் மீட்டர், புதியதில் 27. ஆகவே ஆற்றலுக்காக வண்டியை மாற்றுவோன், அரைக் குதிரையும் பெறாமல் ஒரு நியூட்டன் மீட்டரை இழந்து வருகின்றான்! வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. பிஸ்டனின் அதிர்ச்சியைத் தணிக்கும் எதிர்நிறைத் தண்டு புதிய எஞ்சினுள் சுழல்கின்றது. சட்டமும் இரட்டைக் குழாயால் உறுதிபெற்றது. பழைய கிளாசிக்கை மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் விரட்டினால் கைப்பிடியும் கால்மிதியும் நடுங்கும். கண்ணாடியிற் பின்வரும் லாரி இரண்டாகத் தோன்றும். புதியது அவ்வாறு நடுங்குவதில்லை. ஆனால் உதைத்துக் கிளப்பும் கிக்கர் புதியதில் இல்லை. பாட்டரி படுத்துவிட்ட விடியற்காலையில் அதன் அருமை தெரியும்.

இனி, மாற்றவேண்டும் என்பார் நம் வகுப்பிற் காட்டும் பிரமாணம் ஒன்றுண்டு. பழைய வழக்குகள் நீங்குதலும் புதியவை வந்து சேர்தலும் குற்றமாகா என்று நன்னூலார் விதித்துளர் என்பர். நன்று. ஆனால் பவணந்தி முனிவர் அதனைக் காலத்தின்மேல் ஏற்றிக் கூறினாரன்றி, விற்பவன் விருப்பத்தின்மேல் ஏற்றவில்லை. மேலும் அவர் பேசியது சொல்லைப் பற்றி. பழஞ்சொல்லை விட்டுப் புதுச்சொல்லை ஆள்வோன் மாதந்தோறும் தவணை கட்டுவதில்லை.

தவணையைப் பற்றியே சற்று விரிவாக உரைக்க விரும்புகின்றோம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்குச் சரக்கு சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்தது; அதற்கு மேற்பட்டவற்றுக்கு 40-ஆக உயர்ந்தது. 349 சி.சி. என்பது எல்லைக்கு உட்பட்டதாகலின் கிளாசிக் விலை தாழ்ந்தது. விலையிற் பத்து விழுக்காடு போயிற்று என்று பலர் மகிழ்ந்தனர். கணக்குப் பார்ப்பின், 128 ரூபாய் விற்றது 118 ரூபாயாயிற்று. குறைந்தது எட்டு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவே. அதனினும் மறந்துபோன செய்தி ஒன்றுண்டு. புதியதன் விலை குறைந்தால் பழையதற்குக் கிடைக்கும் விலையும் உடனே குறையும். எக்ஸ்சேஞ்சு என்று வண்டியை நிறுத்தியவனிடத்து ஒரு கையாற் கொடுத்ததை மற்றொரு கை வாங்கிக்கொள்கின்றது. ஷோரூம் விலையே 2 இலட்சத்தை ஒட்டியது; பதிவும் சாலை வரியும் காப்புறுதியும் சேரின் அதற்கு மேற்செல்லும். பழையதைக் கழித்தபின்னும் பெருந்தொகை கடனாகவே நிற்கும்.

அக்கடனை எத்தனை மாதத்திற் கட்டுவது? முப்பத்தாறு மாதம் என்பர். நன்று, கட்டுவோனுடைய வேலை எத்தனை மாதம்? இக்கேள்வியை விற்பவர் கேட்கமாட்டார். வாங்குபவன் கேட்டாக வேண்டும். இந்நிலப்பரப்பில் நிலையான வேலையுடையார் ஒரு பகுதியினர்; ஒப்பந்தத் தொழிலாளரும் பயிற்சித் தொழிலாளரும் பெருந்தொகையினர். நிலையான வேலை என்று எண்ணியதும் நில்லாது போனதுண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை, பல்லாயிரவர்க்கு வேலை தந்து புகழ்பெற்று, 2014 நவம்பர் முதல் நாளில் மூடப்பட்டது. பின்னர் அக்கட்டிடத்தில் வேறு கம்பெனி வந்தது உண்மையே. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் தவணைக்காரன் காத்திருப்பானோ? அருகே மறைமலைநகரில் ஃபோர்டு கார் செய்தல் 2022-இல் நின்றது. ஆலைகளைப் பழிப்பதற்காக இவற்றைக் கூறினோமல்லோம். கடனின் ஆயுள் கூலியின் ஆயுளைவிட நீளுமாயின், வாங்கிய வண்டி வாங்கினவனுடையதன்று என்பதைக் காட்டவே கூறினோம்.

எம் தமையனார் ஒரகடத்தருகே ஓர் உதிரிப்பொருள் ஆலையில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கின்றார். பதினொரு மாதத்துக்கொருமுறை அவ்வொப்பந்தம் புதுப்பிக்கப்படும். புதுப்பிக்கும் வாரத்தில் எம் அன்னையார் சரியாக உண்பதில்லை. அவர்தம் கிளாசிக் 2016-ஆம் ஆண்டு வண்டி, இரண்டாங்கையாக வாங்கியது. இவ்வாண்டு அதனை மாற்றவேண்டும் என்று அவர் உறுதிகொண்டார். வீட்டில் வாதம் நிகழ்ந்தது. எங்கள் தங்கைக்கு ஜூன் மாதத்திற் கல்லூரிக் கட்டணம் கட்டவேண்டும் என்றார் தந்தையார். இக்காலத்துப் பெட்ரோலில் எத்தனால் 20 விழுக்காடு கலந்திருப்பதால் பழைய வண்டி கெட்டுவிடும் என்றார் தமையனார். அக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. அக்கலவைக்கென அமையாத பழைய வண்டிகளில் ரப்பர்க் குழாயும் கேஸ்கட்டும் நாளடைவில் தளர்தல் கூடும். அளவிற் சிறிது குறைந்த தூரமே ஓடும். ஆனால் குழாயும் கேஸ்கட்டும் சில நூறு ரூபாயில் மாறத்தக்கவை. அவற்றிற்காக வண்டியையே மாற்றுதல், திரி கருகியதற்காக விளக்கையே விற்பது போலாம்.

இவ்வளவில் யாம் தந்தையார் பக்கமே நின்றோம். எம்மைத் தயங்கச் செய்தது ஒன்றே ஒன்று, அது பிரேக்கு.

125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா இருசக்கர வண்டிகளும் 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். என்னும் கருவியுடனேயே விற்கப்படல் வேண்டும் என்பது சட்டம். அதற்கு முற்பட்ட கிளாசிக் வண்டிகளுட் பெரும்பாலனவற்றில் அது கிடையாது. திடீரெனப் பிரேக்கை அழுத்தியவிடத்துச் சக்கரம் சுழலாது பூட்டிக்கொண்டால், வண்டி வழுக்கி ஓட்டுவோனைக் கீழே தள்ளும். ஏ.பி.எஸ். சக்கரத்தின் சுழற்சியை அறிந்து, பிடியைக் கணந்தோறும் விட்டு விட்டுப் பிடித்து, பூட்டாமற் காக்கின்றது. வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் இரவு ஷிப்டு முடிந்து வந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. கன்டெய்னர் லாரிகள் ஓயாது செல்லும். டிப்பரிலிருந்து சிந்திய ஜல்லி வளைவுகளிற் கிடக்கும். ஐப்பசி மழையில் சாலை எது குழி எது என்பது தெரியாது. அதனையும் பழைய வண்டியிற் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளலாமே என்று எம் நண்பரொருவர் கேட்டார். குழாயைப்போல வாங்கிப் பூட்டத்தக்க பொருளன்று அது. மெக்கானிக் கடையில் நடவாது.

ஆகவே விளக்குக்காகவோ, மின்னேற்றும் துளைக்காகவோ, புதிய வண்ணத்திற்காகவோ, ஆற்றலுக்காகவோ மாற்றுதல் தகாது என்பது எம் கருத்து. நடுக்கம் குறைதற்காக மாற்றுதல், நாடோறும் நெடுந்தூரம் செல்வோர்க்கும் முதுகுநோய் உடையார்க்கும் தகும். ஏனையோர் 60-இல் ஓட்டினாற் போதும். பிரேக்குக்காக மாற்றுதல் ஒன்றே, இரவில் இச்சாலையைக் கடக்கும் எவர்க்கும் தகும். அதுவும் கடனின்றி இயலுமாயின்.

கடனின்றி எவ்வாறு இயலும் என்று வினவின், புதியதுமின்றிப் பழையதுமின்றி மூன்றாம் வழியொன்றுண்டு. 2019, 2020 ஆண்டுகளில் விற்ற கிளாசிக், எஞ்சின் அளவிற் பழையதே, ஏ.பி.எஸ். மட்டும் உடையது, கிக்கரும் உண்டு. புதியதை நாடி அவற்றை விற்கின்றவர் பலர். பழையதைக் கொடுத்து, சேமிப்பிற் சிறிது சேர்த்து, அத்தகைய ஒன்றை வாங்கினால் தங்கையின் கட்டணத்துக்கும் குறைவு வாராது. ஷோரூமிலிருந்து ஓட்டிவரும் பெருமை அதில் இல்லை என்று தமையனார் முகஞ்சுளித்தார். மூன்று நாள் எங்களோடு பேசவும் இல்லை. நான்காம் நாள், ஏ.பி.எஸ். உள்ள வண்டி ஏதேனும் விலைக்கு உண்டோ என்று படப்பையிலுள்ள மெக்கானிக்கைக் கேட்டுவரச் சென்றார்.

இவ்வாறு வாங்க எண்ணும் நண்பர்க்கு ஒன்று கூறுவோம். மழைநாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதலில் எஞ்சின் ஓசையைக் கேளாமல், சாவியைத் திருப்பியதும் எரியும் ஏ.பி.எஸ். விளக்கு வண்டி நகர்ந்தபின் அணைகின்றதா என்று நோக்குங்கள். அணையாது எரியின் அக்கருவி பழுது. பின்னர் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, முன்னவர் பெற்ற கடன் நீக்கப்பட்டதாக அதில் பதியப்பட்டுள்ளதா என்று காணுங்கள். பதியப்படவில்லையாயின், விற்பவர் எத்துணை நல்லவராயினும் முன்பணம் கொடாதீர்கள்.